தொட்டிலின் அடியில் ஒட்டிய சீட்டு

தோழிகளே, நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் நீங்கள் போடுகிற படங்களையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பேரன் கலர் பேப்பரில் நட்சத்திரம் வெட்டினான், பேத்தி ஐஸ்குச்சியில் கிறிஸ்துமஸ் குடில் கட்டினாள், அடியில் 'பாட்டிக்கு அன்புடன்' என்று எழுதிக் கொடுத்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்கிறீர்கள். நான் ஒரு கட்டைவிரல்கூடப் போடுவதில்லை. அவளுக்கு எப்போதும் கல் மனசு என்று உங்களில் ஒருத்தி எழுதியிருந்தாள். இருக்கட்டும். பிள்ளைகள் பெயரெழுதிக் கொடுக்கிற சீட்டைப் பார்த்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். காரணத்தை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குப் போடி கடைத்தெருவில் மெத்தைக் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் பஞ்சு அறை. வெயில் காலத்தில் இலவங்காய் சாக்கு சாக்காக வந்து இறங்கும். காயை உடைத்து, விதையைத் தட்டி உதிர்த்து, பஞ்சைத் தனியாக்குவார்கள். அந்த அறைக் கதவைத் திறந்தாலே பஞ்சு பறந்து வந்து மூக்கில் ஏறும். சோற்றில் பஞ்சு, தலைமுடியில் பஞ்சு, வேதப்புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவிலும் பஞ்சு. யாராவது ஒருவர் தும்மாமல் எங்கள் வீட்டில் ஜெபம் முடிந்ததே கிடையாது.

உடைத்த காயின் ஓடு அடுப்பெரிக்கத்தான் ஆகும். அதை முன்னணையாக, பாலன் இயேசுவைக் கிடத்திய தீவனத் தொட்டியாகப் பார்த்தவள் அம்மா. பாதி ஓடு நீளமாக, நடுவில் குழிவாக இருக்கும். நல்ல ஓடுகளாகப் பொறுக்கிப் பரண்மேல் போட்டு வைப்பாள். டிசம்பரில் அரைப் பரீட்சை லீவு விட்டதும் இறக்குவாள். உப்புத்தாளால் தேய்த்து, உள்ளே பஞ்சு வைத்து, அதன்மேல் மெத்தை தைத்து மிஞ்சிய நீலக்கோட்டுத் துணியை விரித்தால் தொட்டில் தயார். பாலனுக்கு ஒரு கொழுத்த பச்சை ஏலக்காய். முனை மட்டும் தலையாக வெளியே தெரியும்படி வெள்ளைத் துணியைச் சுற்றி, மையால் இரண்டு கண் வைப்போம். போடியில் பாலன் பிறந்தால் ஏலக்காய் வாசம்தான் அடிக்கும் என்பாள் அம்மா. மெத்தைக் கடைக்காரருக்கு ஏலக்காய் என்ன விலைக்கு வருகிறது என்று அப்பா முனகுவார், ஆனால் வாங்கி வந்து கொடுப்பார்.

ஒவ்வொரு தொட்டிலும் ஒருவருக்கு. அடியில் பெயரெழுதிய சீட்டை மைதாப் பசையால் ஒட்டுவோம். கிறிஸ்துமஸ் அன்று விடியற்கால ஆராதனை முடிந்து வந்து, வீட்டு ஜெபம் ஆனதும், அப்பா ஒவ்வொரு தொட்டிலாகத் திருப்பிச் சீட்டை உரக்க வாசிப்பார். யார் பெயர் வருகிறதோ அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ஒரு வருடம் அப்பா விளையாட்டாக, "போன வருசத்துதே கெடக்கே, இதை வேற எங்கன வைக்க" என்று கேட்டுவிட்டார். தம்பி அழுத அழுகையில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு அம்மா சட்டம் போட்டாள். பிள்ளைகள் பாலனைத் தரும்போது வேண்டாம் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. நல்ல சட்டம்தான். அம்மா இருந்தவரைக்கும் நல்ல சட்டமாகத்தான் இருந்தது.

எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. பள்ளிக்கூடம் திறந்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. பத்தாவது நாள் அம்மா இல்லை. துக்கத்துக்கு வந்த அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, அப்படியே எங்களோடு தங்கிவிட்டாள். அவளுக்கு அப்போது இருபது வயது. உத்தமபாளையத்தில் தாத்தா வீட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டி மட்டும் கொண்டு வந்திருந்தாள். எனக்குப் பேன் பார்த்தாள், தம்பி நனைத்த பாயைத் தினமும் சத்தம் காட்டாமல் அலசிப் போட்டாள். ராத்திரி நனைத்தது தெருவுக்குத் தெரிந்தால் அவனுக்கு வெட்கமாக இருக்கும் என்று மெத்தை உறைகளோடு சேர்த்துக் காயப்போடுவாள்.

டிசம்பர் பிறந்ததும் அவளுக்கு மதுரையிலிருந்து கடிதம் வந்தது. நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. புது வருடம் பிறந்த மறுநாள் போய்ச் சேர வேண்டும். பழுப்புக் கவரை எனக்குத்தான் முதலில் காட்டினாள். அடுத்த நாளே தேனிக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கி வந்தாள். மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு பஞ்சு அறைக்குள் என்னையும் கூட்டிப் போய், அதைப் போட்டுக்கொண்டு நடந்து பழகுவாள்.

"சத்தம் கேக்குதா?"

"இல்ல சித்தி."

"கேக்கக் கூடாது. சீக்காளி தூங்குவாக. நர்ஸு நடக்கிறது அவுகளுக்குத் தெரியவே கூடாது."

பஞ்சு உதிர்ந்து கிடக்கிற தரையில் யார் நடந்தாலும் சத்தம் கேட்காது. அதை நான் சொல்லவில்லை. அந்த ஷூவில் என் காலையும் நுழைத்துப் பார்க்க விடுவாள். புது ரப்பர் வாசமும் சுண்ணாம்பு மாதிரி ஒரு வாசமும் அதில் அடிக்கும். இப்போதும் ஏதாவது செருப்புக் கடைக்குள் நுழைந்தால் அந்த வாசத்தைத் தேடுகிறேன்.

லீவு விட்டது. இந்த வருடம் தொட்டில் கிடையாது என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். ஒரு காலையில் சித்தி ஏணி போட்டு ஏறிப் பரணிலிருந்து ஓடுகளை இறக்கினாள். அம்மா பொறுக்கி வைத்துவிட்டுப் போன ஓடுகள். அவற்றோடு போன வருடத்துத் தொட்டில் ஒன்றும் வந்தது. அடியில் என் கோணல் எழுத்தில் 'அம்மாவுக்கு' என்று இருந்தது. சித்தி அதைத் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

"இது அக்காவுது. இதை யாரும் எடுக்கக் கூடாது, என்ன?"

அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்கள்தான் அந்த வருடத்தில் நாங்கள் சிரித்த நாட்கள். மலையிலிருந்து பனி மூடாக்கு இறங்கிக் கடைத்தெருவே மங்கலாகக் கிடக்கும். வாசலில் தூறல். உள்ளே நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து ஓடு தேய்ப்போம். தம்பி துணி சுற்றுகிறேன் என்று பாலனைத் தின்றுவிடுவான். "ஏலே, வாயைத் திற, ஊது பாப்போம்" என்று சித்தி அவன் வாயை மோந்து பார்ப்பாள். ஏலக்காய் வாசத்தில் மாட்டிக்கொண்டு அவன் உருண்டு சிரிப்பான். எனக்கு நிப்பு பேனா பிடிக்கக் கற்றுக் கொடுத்தாள். என் எழுத்து நண்டு நடந்த மாதிரி இருக்கிறது, ஒரு லீவுக்குள் உருட்டிவிடுகிறேன் என்றாள். சொன்னபடி உருட்டினாள். பழைய தேதித் தாள்களின் பின்பக்கமெல்லாம் அ, ம், மா என்று நிரப்பினேன்.

அத்தை வந்தது இதற்கு நடுவில்தான். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, பழனிசெட்டிபட்டியில் இருந்தவள். அம்மா போனதிலிருந்து வாரம் ஒருமுறை பஸ்ஸில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். இந்த முறை துணிப்பையோடு வந்து தங்கினாள். கெட்டவள் இல்லை. அச்சுமுறுக்கு சுட்டாள், என் தலைக்கு எண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்டாள். தேய்க்கும்போதுதான் பேச்சை எடுத்தாள்.

"சித்தி போயிட்டா உங்க ரெண்டு பேத்தையும் யாருத்தா பாக்குறது? நான் எத்தன நாளைக்குப் பஸ்ஸு ஏறி வருவேன்?"

"போகாதீகன்னு நீங்க சொல்லுங்க அத்தை."

"நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குறா. உங்க அப்பாவுக்கே கட்டிக் குடுத்துருவோம், பிள்ளைகளுக்கும் ஆச்சுன்னு உங்க தாத்தா சொன்னாக. அதுக்கு ரெண்டு நாளு சோறு திங்காமக் கெடந்தா. நர்ஸுக்குத்தான் போவேங்குறா. பெத்தவுக சொல்லே எடுபடல." என் தலையைத் தன் பக்கம் திருப்பினாள். "நீ சொன்னா எடுபடும்."

"நான் என்ன சொல்லணும்?"

"வாயால ஒண்ணும் சொல்ல வேணாம். சீட்டு எழுதுவீகள்ல? அதுல சித்திக்குன்னு எழுதாத. அம்மாவுக்குன்னு எழுது. மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் எனக்காகச் சொல்வீர்கள். தெரியும். சித்திக்கு மதுரைக்குப் போக ஆசை என்று எனக்குத் தெரியும், அந்த வீட்டில் என்னைவிட அது தெரிந்தவர் யாருமில்லை. அப்பாவைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அவள் சோறு தின்னாமல் கிடந்ததும் அத்தை வாயாலேயே தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது என்ற சட்டமும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் எழுதினேன். அவள் போய்விட்டால் தம்பியின் பாயை நான்தான் அலச வேண்டும், தெருவே பார்க்கும். விடிந்து எழுந்தால் அவள் இருக்க மாட்டாள். அந்தப் பயம் எனக்குப் பெரிதாக இருந்தது.

சீட்டு எழுதும்போது கையால் மறைத்துக்கொண்டேன். சித்தி எதிரில் உட்கார்ந்து பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு என்ன எழுதுற?"

"சொல்ல மாட்டேன்."

"சரி, நல்லா உருட்டி எழுது. மதுரைக்குக் கொண்டு போயி பெட்டி மேல வைப்பேன். யாரு எழுதுனான்னு கேட்டா, எம் மகதான்னு சொல்லுவேன்."

அக்கா பிள்ளையை மகள் என்பது எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அவளாகவே அந்த வார்த்தையை எனக்குக் கொடுத்துவிட்டாள். அதற்கு மேல் நான் எழுதி வாங்க என்ன இருந்தது?

கிறிஸ்துமஸ் காலையில் வீடு நிறைய ஆள். உத்தமபாளையத்திலிருந்து தாத்தா வந்திருந்தார். அத்தை பாஸ்டர் ஐயாவையும் அவர் மனைவியையும் ஆராதனை முடிந்த கையோடு காலைப் பலகாரத்துக்குக் கூப்பிட்டிருந்தாள். அதற்கு முந்தைய வருடங்களில் அவர்கள் வந்ததில்லை. இதெல்லாம் எதற்கென்று இப்போது யோசித்தால் புரிகிறது. அன்றைக்குக் கூட்டமாக இருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம்தான்.

ஜெபம் முடிந்தது. அப்பா தாத்தாவுக்கு எழுதியதை வாசித்தார். தாத்தா எழுந்து வாங்கினார். அத்தை வாங்கினாள். பாஸ்டர் ஐயாவுக்குத் தம்பி தன் பாலன் இல்லாத தொட்டிலைக் கொடுத்தான், எல்லோரும் சிரித்தார்கள். கடைசித் தொட்டிலை அப்பா எடுத்தார். திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அம்மாவுக்கு" என்று வாசித்தார்.

அவருக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? ஐம்பது வருடமாக அந்தக் குரலை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். நடுங்கியதா? நடுங்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

அத்தை சித்தியின் முதுகில் கை வைத்தாள். "எந்திரிம்மா. பிள்ளை உன்னையத்தான் கூப்பிடுது."

சித்தி அத்தையைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அவள் தலையில் ஒரு பிசிறு பஞ்சு ஒட்டியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து நின்றாள், இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். தொட்டிலைத் திருப்பிச் சீட்டைப் பார்த்தாள்.

"எழுத்து நல்லா இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

தாத்தா மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். "பிள்ளை கையால கர்த்தரே எழுதிட்டாரு. இதுக்கு மேல நாம பேச என்ன இருக்கு" என்றார். பாஸ்டர் ஐயா ஆமென் சொன்னார். கர்த்தர் எழுதினாராம். அத்தை எண்ணெய் தேய்த்த கையோடு சொல்லிக் கொடுத்ததை, சித்தி உருட்டப் பழக்கிய எழுத்தில், நான் எழுதினேன். இதில் கர்த்தர் எங்கே வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஜனவரி கடைசியில் அப்பாவுக்கும் சித்திக்கும் கல்யாணம். அதற்கு முன்னால் சித்தி மதுரைக்கு, இடம் வேண்டாமென்று ஒரு கடிதம் எழுதி என்னிடம் கொடுத்துத் தபால் பெட்டியில் போடச் சொன்னாள். போட்டேன். பின்னால் நான் தபால் ஆபீஸில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியும். பெட்டியில் போட்ட தபாலை, போய்ச் சேருவதற்குள் திரும்ப வாங்கிக்கொள்ள மனு கொடுக்கலாம். அதற்கு ஒரு ஃபாரம் இருக்கிறது. சேர்ந்த வாரமே அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அன்று மத்தியானச் சாப்பாட்டை டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வந்தேன்.

வெள்ளை ஷூ கொஞ்ச நாள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஒரு நாள் அப்பா, "சும்மாதான கெடக்கு" என்று, கடையில் மெத்தை தைக்கிறவரின் மகளுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார். நல்ல மனசோடுதான் கொடுத்தார். அந்தப் பெண் அதைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசல் வழியாகப் பள்ளிக்கூடம் போவாள். சித்தி வாசல் பெருக்கிக்கொண்டிருப்பாள். அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை, நான்தான் பார்த்தேன்.

அப்பா கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்திருந்தால் அவர்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அடித்ததில்லை, திட்டியதில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதும் இல்லை. அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தானே வந்தாள், இரண்டு இருக்கிறதே என்று அத்தை எல்லோருக்கும் சமாதானம் சொன்னாள். தம்பி அவளை அம்மா என்றே கூப்பிட்டான். எனக்கு வரவில்லை. எழுத வந்த வார்த்தை சொல்ல வரவில்லை. இன்றும் சித்தி என்றுதான் கூப்பிடுகிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு வரன் வந்தது. அப்பா சரி என்றார், தாத்தா சரி என்றார், அத்தை தாம்பூலத் தட்டு எடுக்கவே எழுந்துவிட்டாள். அப்போது அடுப்படியிலிருந்து சித்தி வந்து நின்றாள். "அவகிட்ட யாராச்சும் கேட்டீகளா?" என்றாள். நான் வேலைக்குப் போகணும் என்றேன். போனேன். கல்யாணமே ஆகாமல் நின்றது வேறு கதை, அதற்கு நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

கடைசி நான்கு வருடம் அப்பா படுக்கையில் கிடந்தார். எங்கள் கடை மெத்தையிலேயே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சித்தி அவரைப் புரட்டிப் படுக்க வைப்பாள். முதுகில் ஒரு புண் வரவில்லை. வீட்டுக்கு ஊசி போட வந்த நர்ஸம்மா பார்த்துவிட்டு, "நீங்க நர்ஸா இருந்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல ஆத்தா. ஷூ மட்டும் வாங்குனேன்" என்றாள் சித்தி.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துவிட்டுப் போனார். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அப்பா இல்லை, அத்தை இல்லை, கடை இல்லை. பழனிசெட்டிபட்டியில் ஒரு சின்ன வீட்டில் சித்தியும் நானும் இருக்கிறோம். சித்திக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு எங்கள் வீட்டில் தொட்டில் செய்யவில்லை. செய்ய வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஓடுகள் பரணிலேயே இருந்து கடை கைமாறியபோது போய்விட்டன. அலமாரி மேல்தட்டில் இருந்த அம்மாவின் தொட்டில் மட்டும் சித்தியின் தகரப் பெட்டியில் இருக்கிறது. என் கண்முன்னால் அதை ஒருமுறைதான் எடுத்தாள். ஏலக்காயில் வாசம் போய்விட்டிருந்தது. சித்திக்கென்று நான் கொடுத்தது எங்கே போனது என்று தெரியாது. கேட்கத் துணிவில்லை.

போன மாதம் தம்பியின் பேத்தி அரைப் பரீட்சை லீவுக்கு வந்தாள். எட்டு வயது. செல்போனை வாங்கி வைத்துவிட்டால் பிள்ளை என்ன செய்யும் என்று, போடியிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லி நான்தான் பழைய சரக்கில் ஒரு பை இலவங்காய் வரவழைத்தேன். ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள். சித்தி பையைத் திறந்து பார்த்தாள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து காயை உடைத்தாள். பஞ்சு பறந்தது, குழந்தை தும்மினாள். சித்தியின் விரல்கள் வளைந்து போயிருக்கின்றன. ஆனாலும் பாலனுக்குத் துணி சுற்றுவதை மறக்கவில்லை.

ஆறு தொட்டில் ஆனதும் பேத்தி பேனாவோடு வந்தாள். "யாருக்குன்னு எழுதணும்?"

"யாருக்குன்னும் எழுதாத" என்றாள் சித்தி. "செஞ்சு வச்சிட்டேல்ல. போதும்."

என்னால் அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை. "சித்தி, அன்னைக்கு அத்தை சொல்லித்தான் நான்…" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"தெரியும்."

கையை நிறுத்தாமல் சொன்னாள். விதையை ஒரு பக்கம், பஞ்சை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கே தெரியும். அவுக சொல்லாம அது உனக்குத் தோணாது. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல நீ. எம் முன்னாடிதான உக்காந்து எழுதுன."

"கேட்டிருந்தா இருந்திருப்பீகளா?"

சித்தி யோசித்தாள். பொய் சொல்லி என்னைத் தேற்றுவாள் என்று அந்த நிமிடம் எதிர்பார்த்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன்.

"இல்ல. போயிருப்பேன்" என்றாள்.

பேத்தி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தொட்டில்களைத் தூக்கிக்கொண்டு போய் மேசைமேல் வரிசையாக வைத்தாள். ஒன்றிலும் பெயர் இல்லை. ஏலக்காய் வாசம் அந்தச் சின்ன வீடு முழுக்க அடித்தது. எழுந்து போய், ஓரத்தில் இருந்த ஒரு தொட்டிலை எடுக்கக் கையை நீட்டினேன்.

"பிள்ளைகிட்டக் கேட்டு எடு" என்றாள் சித்தி.